சைதுன் பீவியின் சம்மதம்

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவைகளைச் சரிகைக்காக விலைக்கு வாங்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புடவையைக் கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே முந்தானையிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, உரைகல்லில் தேய்த்து, மேலே ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பார்ப்பார்கள். விலை படிந்தால் புடவை அடுப்புக்குப் போகும், வெள்ளி பெட்டிக்குப் போகும். படியாவிட்டால் புடவையை மடித்துக் கொடுப்பதோடு, உருவிய அந்த இழையையும் துண்டுக் காகிதத்தில் வைத்து, "இந்தாம்மா, உங்களுது" என்று கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த இழையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டவன் கடைப்படியை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

முஜீப் பாய் மீசை முளைத்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருந்ததால், உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையோடுதான், மனைவி சைதுனின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு, தாமல் ஏரி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த தொண்டை மண்டல மரபணுத் திருத்த மையத்துக்குப் போய், வரவேற்பு மேசை முன்னால் நின்று கேட்டார்.

"வைத்தியம் படியலம்மா. அவகிட்டேந்து எடுத்த மாதிரிய திருப்பிக் குடுத்துடுங்க. எடுத்துக்கினு போய் அவ பக்கத்துலயே அடக்கம் பண்ணிடறேன்."

ஜோதிகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"உயிரோட இருக்குதா, இல்லயா சார்?"

"மௌத்தாயி நாப்பது நாள் ஆயிடுச்சும்மா."

"உங்க வைஃப கேக்கல சார். மாதிரிய கேட்டேன். ரெண்டுக்கும் வேற வேற கவுன்ட்டர்."

முஜீப் பாய் மனைவியின் பெயரைச் சொன்னார். ஜோதிகா தட்டினாள். தட்டியவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க காஞ்சி-ஒன்றோட ஹஸ்பெண்டா?"

அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாக நடந்தது. நாற்காலி வந்தது. குளிர்ந்த தண்ணீர் வந்தது. வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் உள்கதவைத் திறந்து, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக என்னவோ அப்பியிருந்தது. கீழே, 'காஞ்சி-ஒன்று: நம் மையத்தின் சாகாச் சாதனை' என்று எழுதி, மேலே சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அது தன் மனைவி என்பது முஜீப் பாய்க்கு அப்போது தெரியாது. நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சைதுனுக்கு வந்தது பரம்பரை நோய். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நடுவயதில் மெல்ல வற்றிப்போகும். அவளுடைய அம்மா அப்படித்தான் வெளுத்து வெளுத்துப் போய்ச் சேர்ந்தாள். பெரியம்மாவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது. இப்போது அதற்கு ஒரு பெயரும், அதைத் திருத்த ஒரு மையமும், அந்த மையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஓர் அறநெறிக் குழுவும் இருந்தன.

மையத்தில் டாக்டர் ஏலவார்குழலி என்று ஓர் அம்மாள் இருந்தார். கூரம் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும் ஊர்ப்பேச்சை விடாதவர். முதல் நாளே முஜீப் பாயையும் சைதுனையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நீளமா ஒரு இழை இருக்குது பாய். அதுல ஒரு எடத்துல ஒரு எழுத்து தப்பாயிருக்குது. அதான் நோவு. நாங்க இன்னா பண்றோம்னா, எலும்பு மஜ்ஜைய கொஞ்சம் வெளிய எடுக்குறோம். வைரஸ் ஒன்ன புடிச்சி, அதுல இருக்குற நோவ எல்லாம் உருவிட்டு வெறும் வண்டியா ஆக்கிடறோம். அந்த வண்டில ஒரு கத்திரி, எங்க வெட்டணும்னு காட்ட ஒரு வழிகாட்டி, வெட்டுன எடத்துல வைக்க சரியான துண்டு, எல்லாத்தையும் ஏத்தி செல்லுக்குள்ள அனுப்புறோம். வெட்டி, ஒட்டி, செல்லே தச்சிக்கும். அப்புறம் திரும்ப உடம்புலயே ஏத்திடுவோம்."

"கத்திரி வேற எங்கனா வெட்டிடுச்சின்னா?" என்று சைதுன் கேட்டாள்.

"அதுக்குத்தாம்மா அறநெறிக் குழு இருக்குது" என்றார் டாக்டர்.

பிள்ளைகளுக்கு இந்த நோய் இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் அவர் சொன்னார். அவர்களுக்கு ஒரே பெண், அம்பரீன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். "எனக்கு டெஸ்ட் எல்லாம் வேணாம் டாக்டர். தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்? டெய்லி அதையே நெனச்சிக்கினு உக்காந்திருக்கணும்" என்று அவள் சொல்லிவிட்டாள். மையம் அவளைப் பாராட்டி, 'அறியாதிருக்கும் உரிமை' என்று பொறித்த அட்டை ஒன்றை, புகைப்படம் ஒட்டி, பளபளவென்று உறையிட்டுக் கொடுத்தது.

கத்திரி வெட்ட வேண்டிய இடத்தை வெட்டியது. பிறகு வேறோர் இடத்தையும் வெட்டியது. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பிடித்து வைக்கும் கடிவாளம் அந்த இடத்தில்தான் இருந்ததாம். திருப்பி ஏற்றிய செல்கள் பெருகின, பெருகிக்கொண்டே இருந்தன, மழை முடிவதற்குள் சைதுன் போய்விட்டாள். மையத்திலிருந்து ஆளனுப்பி இரங்கல் சொன்னார்கள். வந்தவர் வாசலில் நின்றபடி, 'அம்மையார் அந்த நோயால் இறக்கவில்லை. நோய் அவரை விட்டு முழுமையாக நீங்கிய பிறகே காலமானார்' என்று தெளிவுபடுத்திவிட்டுப் போனார்.

இப்போது, மாதிரி கேட்டு வந்தவரை அந்த ஏலவார்குழலிதான் உள்ளே அழைத்துப் போனார். முன்பு பார்த்ததற்கு அவர் கொஞ்சம் இளைத்திருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் தண்ணீர் நிரம்பிய தட்டையான குப்பிகள் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன.

"வழக்கமா வெளிய எடுத்த செல்லு கொஞ்ச நாள்ல செத்துடும் பாய். இதுங்க சாவல. அந்தக் கடிவாளம் அறுந்துதில்ல, அதனால. சாப்பாடு குடுத்தா பெருகிக்கினே இருக்குது. ஹைதராபாத்துல கேக்குறாங்க, ஜெர்மனில கேக்குறாங்க."

"எதால அவ செத்தாளோ, அதாலயே இது சாவலன்றீங்க."

டாக்டர் கண்ணாடிச் சுவரில் இருந்த ஒரு கறையை அங்கி நுனியால் துடைத்தார்.

"உள்ள சூடா இருக்குதா?"

"உடம்புச் சூடு பாய். மாறாம வச்சிருக்கோம்."

"அவளுக்குப் புழுக்கமே ஆவாது" என்றார் முஜீப் பாய். "மார்கழியிலயும் ஃபேன் போட்டுக்கினுதான் படுப்பா." பிறகு, "எடுத்துக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

"நான் குடுக்க முடியாது பாய். குழு சொல்லணும்."

அறநெறிக் குழுவின் தலைவர் சபாபதி ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்தத் துறையிலிருந்து ஓய்வுபெற்றார் என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. உறுப்பினர்களில் விஞ்ஞானம் தெரியாத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக மையம் ஒரு தேர்வு நடத்தியது. திருப்புட்குழியில் மனை வியாபாரம் செய்துகொண்டிருந்த பாண்டியன், ஒரு கேள்விக்குக்கூடச் சரியான விடை எழுதாமல் முதலிடத்தில் தேறிப் பொதுமக்கள் பிரதிநிதியானார். மையம் இருக்கும் நிலமே அவர் குடும்பம் விற்றதுதான்.

விசாரணை நாளில் அம்பரீன் லீவு போட்டுவிட்டு அத்தா முஜீப் பாயோடு வந்தாள். குழு எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, மனித மாண்பைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தது. உடல் தந்தவர்களுக்காக மௌனம் அனுசரித்தது. உட்கார்ந்து, வடை சாப்பிட்டது. பிறகு சபாபதி பேசினார்.

"இந்த மையம் இன்றுவரை ஓர் உயிரைக்கூடச் சம்மதம் இல்லாமல் தொட்டதில்லை. அதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெருமை உண்டு. இங்கே நடந்த தவறுகள் அனைத்தும் முறையாகச் சம்மதம் பெற்ற பிறகே நடந்திருக்கின்றன."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

"ஐயா முஜீப் அவர்களே, மாதிரி கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அது அவருடைய புனிதமான உரிமை. அதில் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் அவர்தான் வந்து கேட்க வேண்டும்."

"அவ மௌத்தாயிட்டாளே சார்."

"முழுமையாக இல்லையே" என்றார் சபாபதி.

இதற்கு முன் யாருக்கும் அது அப்படித் தோன்றியிருக்கவில்லை. தலைவருடைய கூர்மையை நினைத்துக் குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஓய்வுபெற்றது சட்டத் துறையிலிருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் அன்றைக்கு முடிவு செய்தார்கள்.

அம்பரீன் எழுந்தாள். "சார், அது ஒரு பாட்டில் சார். அதுகிட்ட போயி கேப்பீங்களா?"

"உட்காரும்மா. பாட்டில் என்று இழிவாகப் பேசுவதை இந்தக் குழு அனுமதிக்காது."

கேட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் ஒரு குப்பியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆராய்ச்சியில் தொடர விருப்பமா, விலக விருப்பமா என்ற கேள்வியைச் சபாபதி தமிழில் படித்தார். ஏலவார்குழலி தரையைப் பார்த்துக்கொண்டு அதையே ஆங்கிலத்தில் படித்தார்.

"அம்மையார் வீட்டில் என்ன மொழி பேசுவார்?"

"தமிழும் பேசுவா. உருதுவும் பேசுவா."

"அப்படியானால் அதிலும் கேட்டாக வேண்டும். புரியாத மொழியில் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. நீங்களே கேளுங்கள்."

முஜீப் பாய் மேசை அருகில் போனார். குனிந்தார். இளஞ்சிவப்புத் தண்ணீர் சிறிதாக அலம்பிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை அவர் மனசுக்குள் கூட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும், "சைதுன், கானா கா லீ க்யா?" என்று வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அம்பரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழு பதிலுக்காகக் காத்திருந்தது. மின்விசிறி சுற்றியது. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போயின.

"அசைஞ்சா மாதிரி இருந்துச்சி சார்" என்றார் பாண்டியன்.

"ஃபேன் காத்துங்க அது" என்றார் ஏலவார்குழலி.

சபாபதி குறிப்பு எழுதச் சொன்னார்: 'கேள்வி மூன்று மொழிகளிலும் முறைப்படி கேட்கப்பட்டது. மறுப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.' குப்பியை மரியாதையோடு திரும்ப எடுத்துப் போனார்கள். போகும்போது எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முஜீப் பாய் நேராக ஒலிமுகமது பேட்டைக்குத் திரும்பி, பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடியும்வரை காத்திருந்து, தொழுகை நடத்திய ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். ஹஜ்ரத் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கையோ காலோ வெட்டி எடுத்தாங்கன்னா அதையும் துணி சுத்தி அடக்கம் பண்றோம். அது மாதிரி இதையும் பண்ணிடலாம் பாய். ஆனா நீ சொல்றதப் பாத்தா அது வளந்துக்கினு இல்ல இருக்குது?"

"ஆமா ஹஜ்ரத்."

"வளர்றத எப்படி பாய் மண்ணுல வைக்கிறது? மொதல்ல அது அடங்கணும்."

"அடங்காதாம். யாராவுது அடக்குனாத்தான் உண்டாம்."

"அப்போ அத அடக்கச் சொல்லி நீதான் கேக்கணும்" என்றார் ஹஜ்ரத். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் முஜீப் பாய் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "இன்னும் எத்தினி ஊசிங்க? போதும்னு சொல்லுங்களேன்" என்று சைதுன் கெஞ்சியபோது அவர் சொல்லாமல் இருந்துவிட்டார். டாக்டர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார். இப்போது சொல்வது என்று தீர்மானித்தார்.

அடுத்த விசாரணையில் அவர் எழுந்து நின்று, ஒத்திகை பார்த்து வந்த வார்த்தையைச் சொன்னார். "அத அழிச்சிடுங்க சார். அழிச்சிட்டு எங்கிட்ட குடுங்க."

சபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயிருள்ள மனித அணுக்களை அழிக்கச் சொல்கிறீர்களா? உங்கள் மனைவியுடையதை? ஐயா, அவரைக் காப்பாற்றத்தான் இங்கே கொண்டுவந்தீர்கள். நாங்கள் எங்களால் முடிந்த அளவு காப்பாற்றி வைத்திருக்கிறோம். முழுவதையும் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மைதான். அதற்காக மிச்சத்தையும் கொல் என்பது என்ன நியாயம்?"

"தப்புதான் பாய்" என்றார் பாண்டியன் வருத்தத்தோடு.

"மேலும், அதைக் கேட்க நீங்கள் யார் என்ற கேள்வியும் இருக்கிறது."

"புருஷன் சார்."

"கணவன் என்பது ரத்த உறவு அல்ல. மரபணுவின்படி உங்களுக்கும் காஞ்சி-ஒன்றுக்கும், இதோ இந்தப் பாண்டியனுக்கும் காஞ்சி-ஒன்றுக்கும் உள்ள உறவுதான் இருக்கிறது."

பாண்டியன் சங்கோஜத்தோடு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இன்னொன்று. உங்கள் மனைவி பிறப்பால் திருத்தப்படாதவர். இது திருத்தப்பட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடுவதற்கே ஒரு ரத்த உறவு வேண்டும். அப்படி யாராவது இருந்தால், பரிசோதனை மூலம் நிரூபித்துவிட்டு மனுப் போடலாம்."

எல்லோரும் அம்பரீனைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்ததில், இது அவர்கள் ஏற்கெனவே பேசி வைத்த விஷயமோ என்று முஜீப் பாய்க்கு முதல்முறையாகத் தோன்றியது.

"வேணாம்" என்று எழுந்துவிட்டார். "வாம்மா, போலாம். அவ இங்கயே கெடக்கட்டும்."

"இருங்க அத்தா" என்றாள் அம்பரீன். அவள் கைப்பையிலிருந்து அந்தப் பளபளப்பான அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சார், நான் டெஸ்ட்டு குடுக்குறேன். ஆனா அம்மாவும் நானும் சொந்தமான்னு மட்டும்தான் பாக்கணும். வேற எதையும் பாக்கக் கூடாது. பாத்தாலும் எங்கிட்ட சொல்லக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

குழு அதைக் கேட்டு நெகிழ்ந்துபோயிற்று. சபாபதி எழுந்து நின்றே பதில் சொன்னார். "மகளே, அறியாதிருக்கும் உரிமைக்காக இந்தக் குழு உயிரையும் கொடுக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியில் முஜீப் பாய் பஸ்ஸிலிருந்து பூக்கடைச் சத்திரத்தில் இறங்கும்போது, "எதுக்குடி ஒத்துக்கின?" என்றார்.

"அம்மாவ அந்த டப்பாக்குள்ள பாத்துட்டு வந்ததுலேந்து என்னால பில்லு போட முடியல அத்தா. கஸ்டமருக்கு மீதி சில்லறைய மாத்தி மாத்தி குடுக்குறேன். ஓனர் திட்றாரு. அவள வெளிய கொண்டாந்துட்டா நான் சரியாயிடுவேன்."

"உனக்கு எதனா…"

"சொல்ல மாட்டாங்க. அதான் ப்ராமிஸ் பண்ணாங்கில்ல."

கன்னத்தின் உட்பக்கம் ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். வலிக்கவே இல்லை. குச்சியை ஏலவார்குழலியே உறைக்குள் போட்டு ஒட்டினார். சொந்தமா என்று மட்டும் பார்க்கத்தான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் மையம் புதிதாக வாங்கியிருந்த இயந்திரத்துக்கு அப்படி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் இருக்கத் தெரியாது. அதற்கு உரிமைகள் பற்றி யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தீர்ப்பு நாளன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. உறுதிமொழி, மௌனம், வடை எல்லாம் முறைப்படி முடிந்தன. அம்பரீன் அம்மாவின் கறுப்புத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சபாபதி படித்தார்.

"மனுதாரர் அம்பரீன், காஞ்சி-ஒன்றின் ரத்த உறவு என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. வாழ்த்துகள்."

கைதட்டினார்கள். அம்பரீன் அத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். சைதுன் போனதற்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான்.

"ஆகவே, அதை அழிக்கக் கோரும் தகுதி அவர் ஒருவருக்கே உண்டு. இந்தக் குழு அந்தத் தகுதிக்குத் தலை வணங்குகிறது. எனினும்," என்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார், "தகுதி உள்ளவருக்கு அந்தச் செல்களில் சொந்த நலன் எதுவும் இருக்கக் கூடாது. எவருடைய உயிர் பிற்காலத்தில் இந்தச் செல்களில் நடக்கும் ஆராய்ச்சியை நம்பி இருக்கக்கூடுமோ, அவரே அவற்றை அழிக்கச் சொன்னால், அதை ஏற்பது அவருக்கே நாம் செய்யும் கொடுமை ஆகும். ஆதலால் மனுதாரரின் நலன் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது. காரணத்தை விளக்க மனுதாரரின் அறியாதிருக்கும் உரிமை இடம் தரவில்லை. அந்த உரிமையை இம்மியும் மீறாமல் இந்தத் தீர்ப்பை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று என்பதையும் பதிவு செய்கிறேன்."

"அப்போ பொண்ணுக்கும் இருக்குதா சார்?" என்றார் பாண்டியன்.

சபாபதி திரும்பினார். "பாண்டியன், அதைச் சொல்லக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் படித்தேன்?"

"இல்ல சார், எனக்குப் புரியல, அதான்…"

"பொதுமக்கள் பிரதிநிதியின் கேள்வி குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் சபாபதி. அது உடனே நீக்கப்பட்டது. அடுத்த பொருளுக்குப் போகலாமா என்று கேட்டார்.

அம்பரீன் மேசைமேலேயே இருந்த அந்த அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டு, பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். முஜீப் பாய் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அழித்துவிடுங்கள் என்று இங்கே நின்று சொன்ன அதே வாய். இப்போது அதில் வந்த வார்த்தை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அத… நல்லபடியா பாத்துக்குவீங்கல்ல?"

"எங்கள் கண்ணைப் போல" என்றார் சபாபதி. குழு அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது. மனுதாரரின் தந்தை மையத்தின்மீது முழு நம்பிக்கை தெரிவித்ததாகக் குறிப்பில் ஏறியது.

வாசல்வரை ஏலவார்குழலி கூடவே வந்தார். அம்பரீன் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, முஜீப் பாயின் பக்கம் சாய்ந்து, "சீக்கிரமா ஒருவாட்டி கூட்டினு வாங்க பாய்" என்றார். பிறகு பயந்துபோய், "நான் எதுவும் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஏரி வற்றி, நடுவில் மட்டும் தகடுபோல் தண்ணீர் கிடந்தது. அம்பரீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. வெளுத்திருக்கிறதா என்று அவர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அந்தாளு கடைசில இன்னா படிச்சாரு, உங்களுக்குப் புரிஞ்சுதா அத்தா?"

"இல்லம்மா. எனக்கு அந்தத் தமிழு புரியல."

"எனக்கும் புரியல" என்றாள்.

போன் அடித்தது. கபர்ஸ்தானில் குழி வெட்டும் கனி. இன்றைக்கு எப்படியும் கொடுத்துவிடுவார்கள் என்று காலையில் கிளம்பும்போது முஜீப் பாய்தான் அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பேசிக்கொண்டே சில அடி தள்ளிப் போனார்.

"பாய், அண்ணி கபருக்குப் பக்கத்துல ரெடி பண்ணி வச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். நீ சின்னதா ஒரு மொழம் போதும்னு சொன்ன. மண்ணு எளக்கமா இருந்துச்சி, வெட்ட வெட்ட வந்துக்கினே இருந்துச்சி, கொஞ்சம் பெருசாவே வெட்டிட்டேன். எப்போ கொண்டாற?"

"இல்லப்பா. குடுக்கல."

"நாளைக்கா?"

"குடுக்க மாட்டாங்க. நானும் கேக்கப் போறதில்ல."

"அடடா." கனி கொஞ்சம் யோசித்தான். "சரி வுடு பாய். வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும். எப்பனா ஒதவும்."

முஜீப் பாய் திரும்பிப் பார்த்தார். அம்பரீன் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனி, மூடிடு."

"மூடறேன் பாய். சாயந்தரமா…"

"இப்பவே மூடு. நான் லைன்லயே இருக்கேன். எடுத்த மண்ண எல்லாம் உள்ள தள்ளு. ஒரு பிடி வெளிய இருக்கக் கூடாது. நல்லா மெரி. மேல தண்ணி ஊத்தி மெரி. வெட்டுன எடமே தெரியக் கூடாது கனி, கேக்குதா? தெரியவே கூடாது."

அந்தப் பக்கம் மண்வெட்டி விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"பஸ்ஸு வருது அத்தா" என்றாள் அம்பரீன். "யாரு போன்ல?"

"கடைலேந்து" என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பின்னால் ஏறினார்.